கோலார் நாட்டின் மாறிய எல்லைகள்



சென்னையிலிருந்து பெங்களூருக்குப் புகைவண்டியில் சென்றவர்கள் ஜோலார்பேட்டையை அறிவார்கள். அந்நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மேட்டுநிலம் நோக்கி மெல்ல ஏறுகின்றது. சிறிது நேரத்தில் குப்பம் என்னும் ஊர் வருகின்றது. அது ஆந்திர மாநிலம். பின்னும் சிறிது நேரத்தில் பங்காரப்பேட்டை வருகின்றது; அது கர்நாடகம். 100 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் வண்டி மூன்று மாநிலங்களைக் கண்டுவிடுகின்றது. ஆயினும் பெட்டியில் அமர்ந்திருப்போர் பேச்சு எல்லைக்கல்லைப் பார்த்து மாறுவதில்லை. தமிழில் தொடங்கிய உரையாடல், குப்பத்தில் ஏறியவரோடு தெலுங்கு கலந்து நடக்கின்றது. பங்காரப்பேட்டையில் கன்னடமும் வந்து சேர்ந்துகொள்கின்றது. அங்கு இறங்கிக் கிளைப்பாதை வண்டியில் ஏறினால், அது மாரிக்குப்பத்தில் போய் நின்றுவிடும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அங்கே நம் காதில் விழுவது மறுபடியும் தமிழே.

மாரிக்குப்பத்தை அடுத்த ஒரு பகுதிக்கு மைசூர் மைன்ஸ் என்று பெயர். கோலார்த் தங்கவயலின் பெருஞ்சுரங்கங்களுள் ஒன்றின் பெயர் அது. மைசூர் மாநிலம் 1973ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தன் பெயரைக் கர்நாடகம் என்று மாற்றிக்கொண்டது. மைசூர் நகரமும் 2014இல் ஆட்சிமுறையில் மைசூரு ஆயிற்று. சுரங்கமோ 2001இல் மூடப்பெற்றது. அரசு விட்டது, நகரம் மாற்றியது, சுரங்கமும் நின்றது. எனினும் அந்த இடத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மட்டும் மைசூர் மைன்ஸ் என்னும் பெயரை விடவில்லை.

அங்குப் பிறந்து வளர்ந்த ஒருவர் பெங்களூரில் வேலைக்குச் சென்றால், "உங்கள் ஊர் எது?" என்று கேட்கிறார்கள். "தங்கவயல்" என்கிறார். "அது சரி, சொந்த ஊர் எது?" என்று அடுத்த கேள்வி பிறக்கின்றது. அவரே வேலூருக்கோ சென்னைக்கோ உறவினர் திருமணத்திற்கு வந்தால், "இவர் கோலார்க்காரர்" என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நான்கு தலைமுறை ஓரிடத்தில் வாழ்ந்தவருக்கு அங்கும் ஊர் இல்லை, இங்கும் ஊர் இல்லை! மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இவ்வுரையைக் கேட்கும் நேயர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. ஆதலால், கோலார் நாட்டின் எல்லைகள் காலந்தோறும் எவ்வாறு மாறின, அம்மாற்றத்தால் அந்நாட்டைப் பற்றிய எண்ணம் எவ்வாறு மாறியது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

பழந்தமிழ் நாட்டிற்கு வடக்கே வேங்கடமும் தெற்கே குமரியும் எல்லை என்பது தொல்காப்பியப் பாயிரம் தரும் செய்தி. அக்காலத்து எல்லைகள் மலையும் கடலும் ஆறும் ஆகும். மலை என்றால் அதன் எந்தச் சரிவு, எந்தப் பாறை என்று எவரும் கேட்டிலர். முழம்போட்டு அளந்த கோடு பிற்காலத்தது.

கோலாரின் பழம்பெயர் குவளாலம். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் தோன்றிய கங்க மரபினர் அதனைத் தலைநகராகக் கொண்டு ஆளத் தொடங்கினர். பின்னர்க் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டிற்குத் தலைநகரை மாற்றிய போதும், குவளாலபுரத்தின் தலைவர் என்னும் விருதை அவர்கள் விட்டாரல்லர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் படை இந்நாட்டை வென்றது. சோழர் வென்ற நாடுகளுக்கெல்லாம் தம் பட்டப்பெயரைச் சூட்டுவது வழக்கம். தொண்டை மண்டலம் சயங்கொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. குவளால நாடோ நிகரிலிச் சோழ மண்டலத்தைச் சேர்ந்தது. கோலாரிலுள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். லூயி ரைஸ் என்னும் அறிஞர் 1905இல் வெளியிட்ட கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியில் தமிழ்ச் சாசனங்கள் பல இடம்பெற்றுள்ளன.

இதைக் கேட்டவுடன் நம்மில் சிலருக்கு மார்பு விம்மும். "பார்த்தீர்களா! இது சோழ மண்டலம், ஆகவே நம்முடைய நாடு" என்று சொல்லத் தோன்றும். நேயர்களே, அந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். கல்வெட்டு ஒரு காலத்து ஆட்சிக்குச் சான்று. அது நிலத்துக்கு உரிமைப் பத்திரம் அன்று. கல்லை வைத்து உரிமை கொண்டாடத் தொடங்கினால், பிறரும் அவ்வாறே தொடங்குவர். 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டில் சோழரை வென்றான். கங்கபாடி போசளர் வசமாயிற்று. அடுத்த நூற்றாண்டில் அப்போசளரே காவிரி வழியாகக் கீழிறங்கி, திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் தலைநகர் அமைத்தனர். கோலாரில் தமிழ்க் கல்வெட்டு இருப்பதால் கோலார் நமது என்றால், கண்ணனூரில் போசளர் ஆண்டதால் அது யாருடையது என்று கேட்கமாட்டார்களா?

உண்மையில் அக்காலத்து ஆட்சிப் பிரிவுகள் மொழியைப் பார்த்து நின்றவை அல்ல. 1254இல் போசள நாடு உடன்பிறந்தார் இருவர்க்குப் பிரிக்கப்பட்டது. மூன்றாம் நரசிம்மனுக்குக் கன்னட நாட்டின் பெரும்பகுதியும், இராமநாதனுக்குத் தமிழ்நாட்டுப் பகுதிகளும் கிடைத்தன. கோலார் எந்தப் பங்கில் சேர்ந்தது? தமிழ்நாட்டுப் பங்கில் சேர்ந்தது! இராமநாதன் பின்னாளில் ஓசூர்ப் பக்கத்துக் குந்தாணியிலிருந்து ஆண்டான். கண்ணனூர், குந்தாணி, கோலார் ஆகிய மூன்றையும் ஒரே ஆட்சியின் ஊர்களாக இன்றைய நிலப்படத்தில் எண்ணிப் பார்ப்பது கடினம். அன்று அது இயல்பு.

போசளர்க்குப் பின் விசயநகரம் எழுந்தது. கோலார்ப் பக்கத்திலுள்ள முளபாகல் அவ்வரசின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. அங்கிருந்து ஆண்ட குமார கம்பணன் தமிழ்நாட்டின்மேல் படையெடுத்து, சம்புவராயரை வென்று, மதுரை வரை சென்றதை வரலாறு கூறும். முளபாகல் என்னும் பெயர் மூடல பாகிலு என்பதன் திரிபு. கன்னடத்தில் கிழக்கு வாயில் என்று பொருள். மைசூர் மேட்டுநிலத்திற்குக் கிழக்கே உள்ள வாயில் அது. இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எல்லையில் இருந்த ஊருக்கு நம் முன்னோர் சுவர் என்று பெயரிடவில்லை, வாயில் என்று பெயரிட்டார்கள்.

17ஆம் நூற்றாண்டில் கோலார், பீசப்பூர்ச் சுல்தானின் ஆட்சியில் மராட்டியத் தலைவர் சாஜியின் ஜாகீரில் அடங்கியிருந்தது. பின்னர் மொகலாயர் ஆட்சியில் சீரா மாகாணத்தைச் சேர்ந்தது. அம்மாகாணத்தின்கீழ்க் கோலாரில் படைத்தலைமை வகித்தவர் பத்தே முகம்மது. அவருடைய மகன் ஐதர் அலி பிறந்த பூதிகோட்டை, தங்கவயலுக்கு அண்மையிலேயே உள்ளது. ஐதர் மைசூரின் தலைவரான போது கோலார் மட்டுமன்றிக் கிருஷ்ணகிரி, தர்மபுரி முதலிய பாராமகால் பகுதியும் மைசூர் ஆட்சியில் இருந்தது. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலக் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்தார். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் வசமாயிற்று. கோலாரோ மீண்டும் உடையார் மரபினர்க்கு அளிக்கப்பெற்ற மைசூரில் நின்றது.

இன்று கிருஷ்ணகிரி தமிழ்நாட்டிலும், கோலார் கர்நாடகத்திலும் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. ஒரு போர் முடிந்த பின்னர், வென்றவரும் தோற்றவரும் ஒரு கூடாரத்தில் செய்துகொண்ட கணக்கு அது. எந்த ஊரார் எந்த மொழி பேசுகிறார்கள் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கிருஷ்ணகிரியில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கோலாரில் தமிழ் பேசுவோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

இனி ஒரு வியப்பான செய்தி. போர் முடிந்து எல்லை வகுத்தபின், மைசூரின் கிழக்கு எல்லையை அளந்து குறிக்க வேண்டியிருந்தது. 1802இல் ஜான் வாரன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அப்பணிக்கு வந்தார். எல்லையை அளந்துகொண்டு வந்தபோது, அப்பக்கத்து மண்ணில் பொன் கிடைக்கின்றது என்று கேள்விப்பட்டார். ஊரார் அவர் கண்முன் மண்ணைக் கழுவிப் பொன்துகள் எடுத்துக் காட்டினர். மாரிக்குப்பத்தில் அவர்கள் தோண்டியிருந்த குழிகளையும் அவர் பார்த்தார். எல்லைக்கோடு தேடி வந்தவர் கண்ணில் பட்டது பொன்! கோலார்த் தங்கவயலின் புதிய வரலாறு ஓர் எல்லை அளவைக் குறிப்பிலிருந்து பிறந்தது என்றால் அது மிகையன்று.

அக்குறிப்பு எழுபது ஆண்டுகள் உறங்கிற்று. நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வு பெற்ற லாவெல் என்னும் ஐரிஷ்காரர் அதைப் படித்துவிட்டு, 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கேட்டார். அவரால் அவ்வேலையைத் தாங்க இயலவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்னும் சுரங்கங்கள் எழுந்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் நிலத்தடியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றென்று பெயர் பெற்றது.

இவ்வளவு ஆழத்தைத் தோண்டியவர் யார்? வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் மக்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சமும், ஊரில் இருந்த தீண்டாமைக் கொடுமையும், நிலமற்ற வறுமையும் அவர்களை மேட்டுநிலத்திற்கு ஏற்றிவிட்டன. பாலாற்றுக் கரையிலிருந்து புறப்பட்டவன் ஆற்றின் போக்கிற்கு எதிரே நடந்தால் தங்கவயல் பக்கம் வந்துவிடலாம். அவன் சென்னை மாகாணத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்திற்குள் நுழைந்தான் என்பது உண்மையே. ஆனால் அதை அவன் வேற்று நாடு என்று எண்ணியிருக்கமாட்டான். பங்காளி வீட்டிற்கு அடுத்த ஊர் போவதுபோல் போனான்.

இக்காலத்தில் தங்கவயலின் உருவம் பார்ப்பவர்க்கேற்ப மாறிற்று. மைசூர் அரசுக்கு அது வருவாய் தரும் பொற்பெட்டி. ஆங்கிலேயருக்கு அது குட்டி இங்கிலாந்து; இதமான குளிர்ச்சியும், பங்களாக்களும், கிளப்பும் உள்ள ஊர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீரால் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியே அங்கு வந்தது. பெங்களூர் நகரமே அதன்பின் 1905இல்தான் மின்விளக்கைக் கண்டது. தொழிலாளிக்கோ அது கூண்டில் ஏறி இருட்டிற்குள் இறங்கும் ஊர்; பாறை வெடித்தால் திரும்பி வருவது உறுதியில்லாத ஊர்.

ஆயினும் அத்தொழிலாளிகள் அங்கு வயிற்றை மட்டும் வளர்க்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. பண்டிதரின் நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டு வெளியிட்டது. அவர் மறைந்தபின் நின்றுபோன தமிழன் இதழ், 1926இல் ஜி. அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. தமிழ்நாட்டிற்கு வெளியே, தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே, தமிழ்நாட்டிற்கு வேண்டிய தமிழ் நூல்கள் பிறந்தன என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. 1930இல் தொழிலாளர் கைரேகை பதிய வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்து அவர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து, அதனை நிறுத்தச் செய்தனர். உழைக்க வந்தவன் குற்றவாளி அல்லன் என்பதே அவர்கள் சொன்ன செய்தி.

நாடு விடுதலை பெற்றது. மொழிவழி மாநிலங்கள் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. அவ்வாண்டே பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அமைந்தது. கோலார் மாவட்டத்தில் தெலுங்கு பேசுவோர் மிகுதி. தங்கவயலில் தமிழர் மிகுதி. அரசு மொழி கன்னடம். மொழியைக் கொண்டு கோடு கிழிக்க வந்தவர்களுக்கு அம்மாவட்டம் எவ்வளவு இடர் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அது மைசூரிலேயே நீடித்தது. 1956 நவம்பர் முதல் நாள் புதிய மைசூர் மாநிலம் உருவாயிற்று. அதே திங்களின் இறுதியில் மைசூர் அரசு தங்கச் சுரங்கங்களைத் தன்னுடைமை ஆக்கிக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசுக்குச் சென்றன.

அந்த நவம்பர் திங்களில் தங்கவயல் தமிழர் ஓர் அடியும் நகரவில்லை. அதே லயன் வீடு, அதே கூண்டு, அதே கூலி. ஆனால் அதுவரை அவர்கள் ஒரு சமஸ்தானத்தில் உழைக்க வந்தவர்கள். அதுமுதல் ஒரு மொழிவழி மாநிலத்தின் மொழிச் சிறுபான்மையோர். மனிதன் எல்லையைக் கடப்பதுண்டு. எல்லையே மனிதனைக் கடந்து செல்வதும் உண்டு. திருத்தணியைப் பாருங்கள்: 1953இல் ஆந்திரத்தோடு சென்றது, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்திற்குத் திரும்பி வந்தது. அவ்வேழு ஆண்டுகளில் அங்குள்ள மலையும் முருகன் கோயிலும் இடம்பெயரவில்லை.

ஆனால் 1956இல் நடந்த மற்றொன்றை நாம் மறப்பதுண்டு. மாநிலங்களை மாற்றி அமைத்த அரசியலமைப்பின் ஏழாவது திருத்தமே, 350 ஏ, 350 பி என்னும் இரு விதிகளையும் சேர்த்தது. மொழிச் சிறுபான்மையோரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்பது முன்னது. அவர்கள் நலம் காணத் தனி அதிகாரி வேண்டும் என்பது பின்னது. கோடு கிழித்தவர்கள், அக்கோட்டின் தவறான பக்கத்தில் சிலர் இருப்பர் என்பதை அறிந்திருந்தார்கள். ஆகவே சுவரை எழுப்பிய கையோடு ஒரு வாயிலையும் வைத்தார்கள். அவ்வாயில் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது அங்கு வாழ்வோர் கடமை.

வாயில் மூடிக்கொண்ட நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் மூண்டது. தமிழ்க் குடும்பங்கள் பல உயிருக்கு அஞ்சித் தமிழ்நாட்டிற்கு ஓடிவந்தன. அவர்களுள் பலருக்குத் தமிழ்நாட்டில் தங்க வீடே இல்லை. அவர்கள் ஓடி வந்தது சொந்த ஊரிலிருந்தே! அந்த ஆண்டுகளில் பெங்களூரில் திறக்க முடியாமல் மூடியே கிடந்த வள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நான்கு நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் ஆயினும் வாயில் திறந்தது.

தங்கவயலின் கதை இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றது. 2001இல் சுரங்கம் மூடியபின், ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விடியற்காலை வண்டியில் பெங்களூர் சென்று, இரவு வீடு திரும்புகின்றனர். 2007இல் கோலார் மாவட்டத்திலிருந்து சிக்கபளாப்பூர் பிரிந்தது. 2018இல் தங்கவயல் தனி வட்டமாயிற்று. பொன் எடுத்தபின் எஞ்சிய சயனைடு மண் மலைபோல் குவிந்து கிடக்கின்றது. திரைப்படங்களால் அவ்வூரின் பெயர் இன்று நாடெங்கும் தெரியும். அங்கு வாழும் மக்களைத்தான் தெரியாது.

நேயர்களே, "சொந்த ஊர் எது?" என்னும் கேள்விக்கு மீண்டும் வருவோம். "இது பழைய சோழ மண்டலம்" என்பது அதற்கு விடையன்று. அவ்விடை பக்கத்து வீட்டாரோடு பகையை வளர்க்கும், வரலாற்றுக்கும் பொருந்தாது. "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்பதும் விடையன்று. இன்றைய கோடு நேற்று இல்லை என்பதை அது மறந்துவிடுகின்றது. எந்த நிலத்தில் உழைத்தோமோ, எந்த நிலத்தில் பெற்றோரை அடக்கம் செய்தோமோ, எந்த நிலத்தில் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனரோ, அந்நிலம் சொந்த ஊர். அங்கு நின்று தமிழைக் காப்பது நம் உரிமை. அவ்வூர் மொழியை நன்கு கற்று அவ்வூராரோடு கலப்பது நம் கடமை. ஒன்றைச் செய்ய மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை. தங்கவயலில் கன்னடமும் தெலுங்கும் பேசும் தமிழ்க் குழந்தைகள் அதற்குச் சான்று.

நந்தி மலைப்பக்கத்தில் பிறக்கும் பாலாறு, தங்கவயலை அடுத்த பேத்தமங்கல ஏரியை நிரப்பி, ஆந்திரத்தின் வழியாக வாணியம்பாடியையும் வேலூரையும் அடைகின்றது. அதன் நீரைப் பற்றி 1892இல் மைசூருக்கும் சென்னைக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆற்று நீரைப் பங்கிட உடன்படிக்கை வேண்டியதுதான். ஆனால் மூன்று மாநில மக்களும் அதைப் பாலாறு என்றே சொல்கிறார்கள். எல்லையூருக்குக் கிழக்கு வாயில் என்று பெயரிட்ட முன்னோரின் அறிவு நம்மிடமும் இருக்குமானால், எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும் நமக்குச் சொந்த ஊர் இல்லாமல் போகாது.